புதைந்த ஞானப்பல்... எந்த முறையில் எடுப்பது நல்லது?

கடைவாயில் வலி, வாயைத் திறந்தால் காதுவரை குத்தல். 17 முதல் 25 வயதில் இப்படி ஒரு தொல்லை வந்தால், தாடையில் இடமில்லாமல் சாய்ந்து புதைந்துகிடக்கும் ஞானப்பல் காரணமாக இருக்கலாம். `எடுத்துடலாம்' என்கிறார் டாக்டர். எப்படி?

டிரில் முறை: பரவலாக நடப்பது இதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி, பல்லை மூடிய எலும்பை டிரில்லால் நீக்குவார்கள். பல்லையும் துண்டுகளாக்கி எடுத்தால் எலும்பை அதிகம் குடைய வேண்டியதில்லை. சீக்கிரம் முடியும்.

பீசோ முறை: அல்ட்ராசவுண்ட் அதிர்வு எலும்பை வெட்டும், நரம்பு, ஈறு போன்ற மென்திசுக்களுக்கு ஆபத்து குறைவு. வீக்கமும் குறைவு என்கின்றன ஆய்வுகள். ஆனால், நேரமும் செலவும் கூடும்.

கரோனெக்டமி: கீழ்த்தாடை நரம்பை வேர் ஒட்டியிருந்தால், பல்லின் மேற்பகுதியை மட்டும் எடுத்து வேரை விட்டுவிடுவார்கள். நரம்பு அடிபட்டு உதடும் தாடையும் மரத்துப்போகும் அபாயம் குறையும். சிலருக்கு அந்த வேர் பின்னாளில் மேலே நகர்ந்து, மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வேர்வரை சொத்தையோ, தொற்றோ இருந்தால் இந்த முறை சரிவராது.

ஆகவே, எக்ஸ்ரே எடுத்ததும் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, `வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?' என்பதைத்தான். மிக நெருக்கம் என்றால் சி.பி.சி.டி ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும்.

பல்லை எடுத்த பிறகு சில நாள்களுக்கு சிகரெட், ஸ்ட்ரா இரண்டும் வேண்டாம். காயத்தை மூடிய ரத்தக்கட்டி பெயர்ந்தால், குறைய வேண்டிய வலி மூன்றாம் நாளில் கூடும். அப்போது வலி மாத்திரையோடு காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

தொல்லையே தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டியதில்லை என்று, பிரிட்டனின் `நைஸ்' அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது!