பாரிசவாயுவும் புறா இரத்தமும்

35 வயது வாலிபனுக்கு வாய் கோணி, கை விழுந்து, நாக்குக் குழறினால் நம்மவர்கள் செய்வதென்ன? "இந்த வயதில் பாரிசவாயு வருமா? இது காற்றுச் சேஷ்டை" என்று பூசாரியிடம் ஓடுவதும், புறாவை அறுத்து இரத்தந் தேய்ப்பதுந்தானே!

கெட்டது கையல்ல, மூளை. அதன் இரத்தக்குழாய் அடைத்திருக்கும் அல்லது வெடித்திருக்கும். ஸ்கேன் எடுத்தாலொழிய எதுவென்று தெரியாது. அடைப்பானால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை, நோய் கண்ட 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றனவென்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூசாரி உடுக்கை எடுக்கவே எத்தனை நிமிஷம்?

புகையிலையும், இரத்தக் கொதிப்பும், மூட்டுவாதக் காய்ச்சலில் கெட்ட இருதய வால்வும் வயது கேட்டு வருவதில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலியும் வலிப்பும் கண்டால் பேயென்று வேப்பிலை அடிக்கிறார்களே, அது மூளைச் சிரையில் இரத்தம் உறைந்ததாயும் இருக்கலாம். 108-க்கு டெலிபோன் செய்யவும் நல்ல நேரம் பார்க்க வேண்டுமா என்று கேட்கின்றோம்.