கடைசிச் சுற்றிலயாவது ஒரு தோட்டத்துப் பையன்

ஊவா என்ற பெயரில் ஒரு கிரிக்கெட் அணி இருந்தது, அது கிண்ணமும் வென்றது என்று சொன்னால் இப்ப உள்ள தம்பிமார் சிரிக்கிறார்கள். உண்மைதான் தம்பி. 2012 இல் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்று ஒன்று நடந்தது. ஏழு அணிகள். அதில் ஒன்று ஊவா நெக்ஸ்ட். இறுதிப் போட்டியில் நாகெனஹிர நாகாஸைத் தோற்கடித்தது, அதே வருசம் தென்னாபிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக்குக்கும் போனது. ஆனால் லீக் ஆட்டம் எல்லாம் பல்லேகலையிலும் கொழும்பு பிரேமதாச மைதானத்திலும்தான். பதுளையில் ஒரு பந்துகூட வீசவில்லை. அடுத்த வருசம் லீக்கே நின்றுபோனது.

2020 இல் லங்கா பிரீமியர் லீக் வந்தபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகள். ஊவா இல்லை. சரி, பெயரை விடுவோம். பெயர் இருந்த காலத்தில் மட்டும் நமக்கு என்ன கிடைத்தது? நாங்கள் கேட்பது வேறு கேள்வி. எந்த ஊர்ப் பெயரில் அணி வந்தாலும், அது ஆட்களை எங்கே தேடுகிறது?

2020 இல் வீரர்களை எடுத்தது டிராஃப்ட் முறையில். அணிகள் வரிசையாக, சுற்றுச் சுற்றாக ஒவ்வொருவரைத் தெரிவு செய்யும். 2023 இலிருந்து ஏலம். முறை மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: கையில் ஒரு பட்டியல் இருக்கும், அதிலிருந்து எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால் பெரிய பாடசாலை, கழகம் என்று ஏதோ ஒரு படியில் கடினப்பந்து ஆடிப் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை பாடசாலைக்குக் கடினப்பந்து அணி இருக்கு? நீங்களே எண்ணிப் பாருங்க, ஒரு கை விரல் போதும்.

நம்ம பசங்க ஆடுவது மென்பந்து. ஞாயிற்றுக்கிழமை பிரட்டுக்களத்திலோ தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற சரிவிலோ ஆட்டம். பந்து தேயிலைக்குள் போனால் ரெண்டு ஓட்டம், கானுக்குள் போனால் அவுட் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு சட்டம். தீபாவளிக்கும் சித்திரை வருசத்துக்கும் சுற்றுப்போட்டி. அதில் ஆடுகிற சில பேரின் வேகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். கொழும்பில் பிறந்திருந்தால் பதினைந்து வயதிலேயே யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவரின் மாமா மகன் அப்படி ஒரு வேகப் பந்துவீச்சாளன். விடிய நாலரை மணி பஸ் பிடித்து ஒரு தெரிவுக்குப் போனான். கால்ல இரவல் சப்பாத்து. ஆறு பந்து போட விட்டார்கள். "எந்த கிளப்?" என்று கேட்டார்கள். கிளப் இல்லை. "கடிதம் கொண்டு வா" என்றார்கள். கடிதம் கொடுக்க யார் இருக்கா? இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். அவன் எறிந்த ஆறு பந்தும் நல்லதா கெட்டதா என்று அன்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு இன்றும் கோபம்.

இதைச் சொன்னவுடனே ஒரு பதில் வரும்: "திறமை இருந்தா வருவான், முரளி வரலையா?" முரளிதரன் மலையக மண்ணின் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் அவர் கண்டியில் சொந்தமாக பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். மிதவேகப் பந்து போட்டுக்கொண்டிருந்தவரை சுழற்பந்துக்குத் திருப்ப அங்கே சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் இருந்தார். 800 டெஸ்ட் விக்கெட்டுக்குப் பின்னால் அந்தத் திறமை இருக்கு, அந்தப் பாடசாலையும் இருக்கு. 2024 இல் 1,350 ரூபாய் நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட ஒரு வீட்டில், பல பத்தாயிரம் ரூபாய் விலை போகும் ஒரு நல்ல துடுப்பை யார் வாங்குவது?

சரியான உதாரணம் வேண்டுமென்றால் மாலிங்கவைப் பாருங்க. காலிக்குப் பக்கத்தில் ரத்கமவில் மென்பந்து ஆடி வளர்ந்தவர். அந்த விசித்திரமான வீச்சு அங்கே வந்ததுதான். சம்பக்க ராமநாயக்க என்ற ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டார். அவர் கையில் கடினப்பந்தைக் கொடுத்தார், வீச்சை மாற்றாமல் விட்டார். 2004 இல் டெஸ்ட் அணியில் மாலிங்க. மென்பந்துக்காரன் தேறமாட்டான் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

யாழ்ப்பாண அணி இன்னொரு பாடம். 2020 டிராஃப்டில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலரையும் அது எடுத்தது. அதில் ஒருவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத சுழற்பந்து வீச்சாளர். "ஊர்ப் பாசத்துக்கு எடுக்கிறார்கள்" என்று பேசினார்கள். அந்த வருசக் கிண்ணம் யாழ்ப்பாணத்துக்குத்தான். வியாஸ்காந்த் 2023 இல் தேசிய அணிக்காக ஆடினார், 2024 இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்க: யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி இருக்கு, பரியோவான் கல்லூரி இருக்கு, 1904 இலிருந்து நடக்கும் வடக்கின் பெரும்போர் இருக்கு. எடுக்க நினைத்தவனுக்குப் பார்க்க ஒரு இடம் இருந்தது. நம்ம பக்கம் அந்த இடமும் இல்லை.

அமெரிக்காவில் பேஸ்போல் அணிகள் 1965 இலிருந்து டிராஃப்ட் நடத்துகின்றன. முதல் சுற்றில் எடுப்பவனுக்குக் கோடிக்கணக்கில் பணம், பின்சுற்றில் எடுப்பவனுக்குச் சில்லறை. தோற்றால் நட்டம் சிறியது, வென்றால் லாபம் பெரியது. அல்பர்ட் புஹோல்ஸை 1999 இல் 402 ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள், அவர் 703 ஹோம் ரன் அடித்தார். மைக் பியாட்ஸாவை 1988 இல் 62 ஆவது சுற்றில், 1,390 ஆவது ஆளாக எடுத்தார்கள். அதுவும் அப்பாவின் நண்பர் அந்த அணியின் முகாமையாளராக இருந்ததால். அவர் பிறகு பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். கடைசி ஆளாக வருவதற்கே அங்கே ஒரு ஆள் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்துப் பையனுக்கு யார் சொல்வது?

அதனால் எங்கள் வாதம் இது. கடைசி இரண்டு இடத்தை அணிகள் எப்படியும் பெஞ்சில் உட்காரும் ஆட்களைக் கொண்டுதான் நிரப்புகின்றன. அதில் ஒன்றை இதுவரை யாரும் பார்க்காத ஒருவனுக்கு ஒதுக்குங்கள். அவனைத் தேட தீபாவளிச் சுற்றுப்போட்டிக்கு வேகமானியோடு ஒருவரை அனுப்புங்கள், தமிழ் தெரிந்தவராக அனுப்புங்கள். ஒரு வருசம் கடினப்பந்தில் பழக்குங்கள். "கோட்டா கேக்குறாங்க" என்று சொல்லவேண்டாம். பத்துத் தோட்டத்துப் பசங்களைப் பார்த்துவிட்டு ஒருவனும் தேறவில்லை என்றால் எடுக்காதீர்கள். பார்க்காமலே தேறவில்லை என்பதைத்தான் ஏற்கமாட்டோம்.

ஒரு பயமும் இருக்கு. டொமினிக்கன் குடியரசில் சான் பெத்ரோ தே மக்கோரிஸ் என்று ஒரு ஊர். கரும்புத் தோட்டத் தொழிலாளரின் ஊர், நம்ம கதைதான். பேஸ்போல் வீரர்களுக்குப் பெயர்போனது, சம்மி சோசா அங்கிருந்து வந்தவர். அமெரிக்க அணிகள் அந்த நாட்டிலேயே அகடமி கட்டிப் பதினாறு வயதில் ஒப்பந்தம் போடுகின்றன. ஆனால் பெரும்பாலான பையன்கள் மேல் லீக்கை எட்டுவதே இல்லை, பள்ளிப் படிப்பையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அதனால் உயர்தரம் முடிக்கும்வரை படிப்பு நிற்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்போம். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வேறொரு கூடையை நம்ம பிள்ளை சுமக்கத் தேவையில்லை.

அணிகள் கேட்கும்வரை நாமும் சும்மா இருக்க முடியாது. நம்ம சுற்றுப்போட்டிக்கெல்லாம் அறிவிப்பாளர் இருக்கார், மைக் செட் இருக்கு, ஸ்கோர் புத்தகம் மட்டும் இல்லை. யார் எத்தனை விக்கெட் எடுத்தான் என்பது மறுநாள் யாருக்கும் தெரியாது. இந்த வருசத்திலிருந்து ஒவ்வொரு தோட்டத்துச் சங்கமும் ஒரு ஸ்கோர் புத்தகம் வைக்கட்டும். கைபேசியில் பந்துவீச்சைப் படம்பிடித்து வைக்கட்டும். கடிதம் எங்கே என்று கேட்பவன் முன்னால் அதை எடுத்துப் போடுவோம்.