வாங்கும் முன் திருப்பிப் பார்!

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



விஞ்ஞானம் நம் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலைக்குப் போய்விட்டன. மிக்ஸியும் கிரைண்டரும் மேடை ஏறிவிட்டன. இஸ்திரிப் பெட்டி, எலெக்ட்ரிக் கெட்டில், கைப்பேசி சார்ஜர் என ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் இவற்றைப் பார்த்து வாங்கவும், அறிந்து பயன்படுத்தவும் நாம் கற்றிருக்கிறோமா? இல்லை என்பதே என் கருத்து. அதை என் வீட்டிலேயே கண்டேன்.

இந்த ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு பக்கம் கெட்டிலில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் நான் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கருகிய நாற்றம்! அம்மா ஓடிவந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்கள். பெட்டியின் ஒரு மூலை மெழுகாய் உருகியிருந்தது. இறையருளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாலையில் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் '6 ஆம்பியர்' என்று சிறிய எழுத்தில் இருந்தது. கெட்டில் 1,500 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், மொத்தம் 2,500. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 11 ஆம்பியர்! மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்று அதே வாரம் வகுப்புத் தேர்வில் எழுதி, பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். தாளில் போடத் தெரிந்த கணக்கை வீட்டில் போடத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

வாய் பேசாத பொருளும் தன்னைப் பற்றிய செய்தியை முதுகில் எழுதிக்கொண்டுதான் வருகிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை. நிறத்தைப் பார்க்கிறோம்; தள்ளுபடியைப் பார்க்கிறோம்; திருப்பிப் பார்ப்பதில்லை.

அப்படித் திருப்பினால் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் வாட். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட்; ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. அடுத்தது முத்திரை. இஸ்திரிப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், அதன் மேலே தர எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். மூன்றாவது, நட்சத்திரச் சீட்டு. குளிர்சாதனப் பெட்டியின் சீட்டில் ஓராண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்றே அச்சிட்டிருப்பார்கள். 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிக்கும் இச்சீட்டு கட்டாயமாகிவிட்டது. நான்காவது, மூன்று முள் பிளக். அதில் நீளமான முள், மின்கசிவிலிருந்து நம்மைக் காக்கும் எர்த் இணைப்பு. அதை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது நம் உயிரோடு விளையாடுவதாகும்.

"கையில் இருக்கும் பணத்துக்குத்தானே வாங்க முடியும்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். விலை உயர்ந்ததை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நால்வர் உள்ள வீட்டுக்குப் பத்துப் பொத்தான் மிக்ஸி எதற்கு? ஆனால் ரசீது வேண்டாம் என்றால் விலை குறையும் என்பவரிடம் மயங்கிவிடக் கூடாது. ரசீதும், கடை முத்திரை இட்ட உத்தரவாத அட்டையும் இல்லாவிட்டால், பழுதானபின் யாரிடம் போய்க் கேட்பது? நுகர்வோருக்கு 1986-இலேயே சட்டம் வந்தது; இப்போது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1915 என்ற எண்ணில் அழைத்து முறையிடலாம். ஆனால் கையில் சான்று வேண்டுமன்றோ?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடையில் விற்பனையாளர் அப்பாவைப் பார்த்தே பேசுகிறார். அம்மா பை பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறார்கள். ஆனால் விடியற்காலையில் ஈரக்கையோடு அந்தச் சுவிட்சின் அருகே நிற்பவர் யார்? அம்மா அல்லவா! பயன்படுத்துகிறவர்தான் முதலில் கேட்க வேண்டும். "இது எத்தனை வாட்? எந்தச் சாக்கெட்டில் போட வேண்டும்? ரிப்பேர் எங்கே செய்வார்கள்?" என்று பெண்கள் கேட்டால் அது வாயாடித்தனம் ஆகாது, பொறுப்பு ஆகும்.

எங்கள் வீட்டில் இப்போது கெட்டிலுக்குச் சுவரிலேயே தனியாக 16 ஆம்பியர் சாக்கெட் வைத்திருக்கிறோம். சென்ற மாதம் புதிய இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனோம். விற்பனையாளர் எடுத்து வைத்ததும், அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் அதைத் திருப்பி என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார்கள். தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைவிட அது எனக்குப் பெருமையாக இருந்தது.

தோழியரே! வந்தபின் வருந்துவதைவிட வருமுன் காப்பதே அறிவுடைமை. நாம் கற்ற கல்வி கரும்பலகையோடு நின்றுவிடாமல் கடைவீதிக்கும் நம்மோடு வரட்டும். அடுத்த முறை பொருள் வாங்கப் போகும்போது அம்மாவோடு நீங்களும் போங்கள். வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்!