டாங்கி ஒழுகும் லொறியில் ஏற மாட்டோம்

தோட்டத்து லொறியின் டீசல் டாங்கி ஒழுகினால் அது சாரதியும் கராஜ்காரரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறான எண்ணம். அந்த லொறியில் கொழுந்து மூட்டைகளோடு ஏற்றிச் செல்லப்படுவோர் நமது அங்கத்தவர்கள். அது சொட்டிக்கொண்டு போகும் பாதையில் நடப்போர் நமது பிள்ளைகள். அதைக் கழுவும் ஓடையின் தண்ணீரே கீழே லயத்துப் பீலிக்கு வருகிறது. ஆகவே இது தொழிற்சங்கம் கையில் எடுக்க வேண்டிய பிரச்சினை.

டாங்கி ஒரே நாளில் ஓட்டையாவதில்லை. குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் கல் தெறித்து அடிப்பாகம் நசுங்கும். டாங்கியைப் பிடித்திருக்கும் பட்டி தளர்ந்து, உராய்ந்து உராய்ந்து தகடு தேயும். டீசலோடு சேர்ந்த தண்ணீர் அடியில் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சில வேளைகளில் டாங்கி நன்றாகவே இருக்கும். வடிகால் ஆணியின் வொஷரோ றப்பர் குழாயோ பழுதாகியிருக்கும். இந்தச் சாமான்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் எந்நாளும் கிடைப்பவை. இவற்றை வாங்கிப் போடுவது நிர்வாகத்துக்குப் பெரிய செலவு அல்ல. மாதக்கணக்கில் ஒழுக விடுவதே செலவு. வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் 2 முதல் 4 லீற்றர் வரை மண்ணுக்குப் போகிறது. 2021இல் 111 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவுக்கு ஏறியபோது, ஒவ்வொரு லீற்றருக்கும் வரிசையில் நின்ற நாடு இது.

"டீசல்தானே, பெற்றோல் மாதிரிப் பற்றாது" என்று சொல்லி வாயை அடைப்பவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. சாதாரண வெப்பத்தில் டீசல் எளிதில் பற்றாது. ஆனால் ஏற்றத்தில் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறும் லொறியின் புகைக்குழாய், எஞ்சின் பக்கத்தில் பல நூறு பாகை சூடாகிறது. டீசல் 250 பாகையை அண்டினாலே நெருப்புக்குச்சி இல்லாமல் தானாகப் பற்றக்கூடியது. 2013 ஒக்டோபர் 30ஆம் திகதி விடியற்காலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் சென்ற சொகுசு பஸ் ஒன்று மஹபூப்நகர் மாவட்டத்தின் பாலெம் அருகே சிறுபாலக் கட்டில் மோதியது. டீசல் டாங்கி உடைந்து தீப்பிடித்தது. 45 பேர் உள்ளேயே கருகி மாண்டனர். அதுவும் டீசல்தான்.

தீப்பிடிக்காவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. டீசல் பெற்றோலைப் போலச் சீக்கிரம் காய்ந்து போகாது. வளைவில் சிந்தியது அங்கேயே கிடக்கும். மேலே தூறல் விழுந்தால் பாசி பிடித்த கல்லைப் போல வழுக்கும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கும், புறக்கோட்டையில் இரவு பஸ் ஏறி ஊர் திரும்பும் நம் பிள்ளைகளுக்கும் அது எமன். குழாய் வெடித்துக் காற்றை இழுத்தால் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் பிரேக்கின் பலமும் குறையும். லொறித் தட்டில் ஆட்கள் நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. விடயம் நீதிமன்றம் சென்றது. அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோட்டத்து லொறியின் ஒழுக்கு அவ்வளவு பெரிதல்ல. ஆனால் நமது பீலியும் அவ்வளவு பெரிதல்ல.

சாரதிகளாகவும் கராஜ் உதவியாளர்களாகவும் இருக்கும் நமது தோழர்களுக்குச் சில வார்த்தைகள். வெடிப்பில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடைப்பது கராஜ் வரை போய்ச் சேர்வதற்கு மட்டுமே; அதை வைத்துக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. டீசலை வாயால் உறிஞ்சி இறக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வெறும் டாங்கிதானே என்று வெல்டிங் பிடிக்கவே வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி, டாங்கியே குண்டாக வெடிக்கும். கழற்றி, முறையாகக் கழுவி, ஆவி முழுவதும் நீக்கிய பிறகு, அந்த வேலை தெரிந்தவரே வெல்டிங் பிடிக்க வேண்டும். சிந்தியதை மரத்தூளோ காய்ந்த மண்ணோ போட்டு அள்ளுங்கள்; கானுக்குள் கழுவி விடாதீர்கள்.

டீசல் குறைந்ததற்குச் சாரதியைக் கள்ளனாக்கிச் சம்பளத்தில் வெட்டுவதும், கொழுந்தில் டீசல் மணக்கிறது என்று கொழுந்து பறித்தவரின் நிறையில் கழிப்பதும் அநியாயம். சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது. வேலையில் காயம் ஏற்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் பணம் காயத்துக்கும் சாவுக்கும் பிறகே வரும். நாம் கேட்பது அதற்கு முந்திய பாதுகாப்பு.

எனவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, லொறியின் கீழே ஈரம் கண்ட அன்றே, திகதியும் வாகன இலக்கமும் எழுதி நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் விசாரணையில் நிற்காது. இரண்டாவது, திருத்தும் வரை அந்த லொறியில் ஒருவரும் ஏற வேண்டாம். வேறு வாகனம் கேளுங்கள். அந்த நாளுக்குப் பேர் மறுக்கப்பட்டால் உடனே மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். மூன்றாவது, பழுதைச் சொன்ன சாரதியைத் தனியே விட்டுவிடாதீர்கள். அவரும் தொழிலாளியே. அவர் வாய் திறந்தது நமது உயிருக்காக.

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் கணக்குக் கேட்கும் நிர்வாகம், லொறியின் கீழே சொட்டுவதற்கும் கணக்குச் சொல்லட்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.