இருளைக் காணும் கண்

சென்ற மழைக்காலத்தில் மஃரிபுக்குப் பின் எங்கள் மத்ரஸாவில் மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் மற்றப் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு சிறுவன் மட்டும் சுவரைப் பிடித்தபடி நின்றான். "ஹஸரத், பூனைக்குத் தெரிகிறதே, எனக்கு ஏன் தெரியவில்லை?" என்றான்.

பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற படலம் ஒன்று உண்டு. உள்ளே வந்த ஒளியை அது விழித்திரைக்கே திருப்பிக் கொடுக்கிறது. இரவில் டோர்ச் அடித்தால் நமது வாவியில் முதலையின் கண்கள் கனலாக மின்னுவதும் இதனால்தான்.

மனிதனுக்கு அப்படலம் இல்லை. மங்கிய ஒளியை உணரும் கோடிக்கணக்கான கோல் கலங்களே உள்ளன. இருட்டுக்கு அவை முழுமையாகப் பழக அரைமணி நேரமாவது செல்லும். அவற்றின் ஒளியுணர் பொருள் விட்டமின் ஏ இன்றி உருவாகாது.

தாய்மார்களே! மாலையானதும் பிள்ளை தடுக்கி விழுந்தால் அதட்டாதீர்கள். அது மாலைக்கண்ணாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். விட்டமின் குறைவைக் கவனியாது விட்டால் பகற் பார்வையும் பறிபோகலாம். முருங்கைக்கீரை, பப்பாசி, முட்டை ஆகியவற்றை உணவில் சேருங்கள். முற்றத்து முருங்கையைக் கண்ணுக்கு மருந்தென்று எண்ணிப் பறியுங்கள்.