மூச்சில் இழுக்கும் கதிரியக்கம்: அறையில் கசிந்தால் யார் பார்ப்பது?

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது தக்கலைச் சகோதரர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருடைய உம்மாவுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். கதிரியக்க மருந்தை மூச்சில் இழுக்க வேண்டுமாம். துணைக்குப் போக இருந்தது கர்ப்பிணியான மருமகள். "அந்த ஆவி அறையில் கசிந்தால் என்ன செய்வது ஹஜ்ரத்?"

நான் மருத்துவன் அல்ல. ஆனால் கேள்வி நியாயமானது.

நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் டெக்னீசியம் கலந்த மருந்தை நெபுலைசரில் நுண்துளியாக்கித் தருகிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையமே இதற்கென ஒரு நெபுலைசரை உருவாக்கியது. 6 மணி நேரத்தில் இதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். செனான்-133 வாயு பயன்படும் இடங்களில் அப்படிப் பாதியாக 5 நாளுக்கு மேல் ஆகும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால்தான் காற்றை உறிஞ்சும் வழியைத் தரையருகே வைக்கிறார்கள்.

கசிவு பெரும்பாலும் நோயாளியின் வாயோரத்தில்தான் வருகிறது. பல்செட் கழற்றிய முதியவரால் குழாயை இறுக்கிக் கவ்வ முடியாது. ஒரு இருமல் போதும். வெளிவிடும் மூச்சு வடிகட்டிக்குப் போகாமல் அறைக்குள் வந்துவிடும். ஸ்கேனுக்குப் பிறகு தரை, மேசை, படுக்கை எல்லாவற்றையும் கதிரியக்க அளவியால் பார்க்க வேண்டியது இதனால்தான்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியும் இல்லாமல் இத்தகைய பிரிவு நடக்கக் கூடாது. ஊழியருக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1 என்பது வரம்பு. ஆனால் அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் ஊழியரின் சட்டையில்தான் இருக்கிறது, துணைக்கு வந்தவரின் முக்காட்டில் இல்லை. அதுவும் வெளியிலிருந்து உடலில் படும் கதிர்வீச்சைத்தான் காட்டும். மூச்சில் உள்ளே போனதைக் காட்டாது. அறையின் காற்றைத் தனியாகச் சோதித்தால்தான் தெரியும்.

மணவாளக்குறிச்சி மணலின் தோரியத்திலிருந்து தோரான் என்ற கதிரியக்க வாயு வருவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் திட்டத்துக்கு எதிராகத் தெருவுக்கு வந்த மக்கள் நாம். அங்கே கேட்கும் கேள்வியை ஆஸ்பத்திரி வாசலில் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

பயந்து ஸ்கேனையே தவிர்ப்பதும் தவறு. நுரையீரல் ரத்தக்கட்டி சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். துணைக்கு வேறு ஆள் போகலாம்.

அந்த வீட்டில் மகன் போனார். "அறையை அளந்தீர்களா?" என்று கேட்டாராம். ஊழியர் முகம் சுளிக்காமல் அளவியைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்.