கடுக்காய் கொடுக்கறாங்க மக்களே!

எங்க வெள்ளிமலை வாட்சப் குழுமத்துல போன வாரம் ஒரு ஃபார்வர்டு. கடுக்காயோட அணு அமைப்பை சித்தர்கள் தியானத்துலயே பாத்துட்டாங்களாம், மேல்நாட்டான் இப்பதான் எக்ஸ்ரே வச்சுத் தடவிக்கிட்டு இருக்கானாம். கீழ வரிசையா கும்பிடு பொம்மை. கல்வராயன்மலையில கடுக்காய் பொறுக்கற ஊருக்கே கடுக்காய் கொடுக்கறாங்கன்னா என்ன தைரியம் பாருங்க!

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லலை. எங்க வீட்லயும் ராத்திரியானா கடுக்காய்ப் பொடிதான். ஆனா மருந்து கேக்குதுன்னு அனுபவத்துல தெரிஞ்சுக்கறது வேற, உள்ள எந்த அணு எங்க உக்காந்திருக்குன்னு அளக்கறது வேற. கடுக்காயில இருக்கற காலிக் அமிலத்தையே எடுத்துக்குங்க. அது தண்ணி மூலக்கூறோட சேர்ந்து படிகமாகறப்ப வேற வேற விதமா அடுக்கிக்கும். 2011க்குள்ளயே நாலு விதம் கண்டுபிடிச்சுட்டாங்க. தியானத்துல வந்தது இதுல எதுங்க சாமி?

படிகத்துக்குள்ள எக்ஸ்ரே விட்டா ஃபிலிம்ல புள்ளி புள்ளியா விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம்னு அளக்கலாம். ஆனா அந்த அலை ஏறுமுகமா வந்துச்சா இறங்குமுகமா வந்துச்சாங்கறது பதிவாகாது. அது தெரியாம அணுவோட இடத்தைக் கணக்கு போட முடியாது. சமச்சீர் மையம் இருக்கற படிகம்னா கொஞ்சம் சுலபம், ஒவ்வொரு புள்ளிக்கும் பிளஸ்ஸா மைனஸான்னு தெரிஞ்சா போதும். போதும்னா... 100 புள்ளிக்கு 2-ஐ 100 தடவை பெருக்கற அளவுக்கு வழி இருக்கு. நம்ம பொழப்புல இதை ஒண்ணொண்ணா ஓட்டிப் பாக்கறேன்னு சொன்னா மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிடுவார்.

பெருமைதான் வேணும்னா நெசமாவே ஒரு ஆள் இருக்கார்யா. கேதாரேஷ்வர் பானர்ஜி. கல்கத்தாவுல நம்ம சி.வி.ராமன்கிட்ட ஆராய்ச்சி பண்ணவர். 1930ல நாப்தலீனோட (அதாங்க, பீரோவுல போடற அந்துருண்டை!) படிக அமைப்பைச் சொன்னார். 10 கார்பன், 8 ஹைட்ரஜன், அவ்ளோதான் மூலக்கூறு. 1933ல அந்த பிளஸ் மைனஸை, அளந்த பிரகாசத்துல இருந்தே கணக்கால வரவழைக்க ஒரு வழியை லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல எழுதினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம்! இதே சிக்கலுக்குப் பின்னால நேரடி முறைகளை உருவாக்கினதுக்காக ஹாப்ட்மனுக்கும் கார்லுக்கும் 1985ல வேதியியல் நோபல் கிடைச்சுது. பானர்ஜி 1975லயே போயிட்டார்.

உடனே 'வெள்ளைக்காரன் திருடிட்டான்'னு கிளம்பிடாதீங்க. பானர்ஜி வழி சின்ன மூலக்கூறுக்கே முழி பிதுங்கற வேலை. அவங்க ரெண்டு பேரும் நிகழ்தகவைக் கொண்டுவந்தது தனி உழைப்பு. என் எரிச்சல் நம்மாளுங்க மேலதான். ஃபார்வர்டு போட்ட அண்ணன்கிட்ட பானர்ஜியைத் தெரியுமான்னா, "மம்தாவா தம்பி?"ங்கறார்.

சிரிச்சுட்டுப் போயிருப்பேன். ஆனா அதே குழுமத்துல பன்னண்டாவது படிக்கற பசங்களும் இருக்காங்க. எல்லாம் அப்பவே தெரிஞ்சாச்சுன்னா அவன் எதுக்கு வேதியியல் எடுக்கணும்? கடுக்காயை மூட்டை கட்டி மலையிறக்கி விட்டுட்டு, உள்ள என்ன இருக்குன்னு வெளியூர்க்காரன் சொல்லிக் கேட்டுக்கலாமே.

இனிமே அனுப்பறவங்க எந்த நூல், எந்தப் பாட்டுன்னு சேத்து அனுப்புங்க அண்ணே. இல்லேன்னா அழிச்சுடுங்க.